இரவுக்கு ஏற்ற இரைச்சல் எது?

தூங்குவதற்காகச் சத்தம் கேட்பவர்கள் உலகெங்கும் பெருகிவிட்டார்கள். ஸ்பாட்டிஃபை தளத்தில் மட்டும் வெள்ளை இரைச்சல், மழை ஓசை போன்ற பதிவுகளை மக்கள் நாளொன்றுக்கு 30 லட்சம் மணி நேரம் ஓடவிடுகிறார்கள் என்று 2023இல் செய்தி வெளியானது. கைபேசியில் தேடினால் அருவி, கடலலை, ஏசி உறுமல், ரயில் பெட்டி, வெள்ளை, பிங்க், பிரவுன் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் எது சிறந்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் தூக்கத்தைக் கலைப்பது எது? பின்னணி இரைச்சலுக்குத் தூக்க மாத்திரையின் குணம் கிடையாது. இன்னொரு சத்தத்தை மறைப்பதுதான் அதன் வேலை. அந்த வேலை இருக்கிற வீட்டில் அது பெரும் உதவி, இல்லாத வீட்டில் அதுவும் ஒரு வீண் சத்தம். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் எந்த ஒலி, எவ்வளவு அளவில், எத்தனை மணி வரை என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை கிடைத்துவிடும்.

தூங்கும்போதும் காது வேலையை நிறுத்துவதில்லை. ஒலி உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கிறது. மூளை அதை எடைபோட்டு, எழுப்ப வேண்டிய சங்கதியா, விட்டுவிடலாமா என்று முடிவெடுக்கிறது. 1960இல் ஆஸ்வால்ட், டெய்லர், டிரைஸ்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் பிரிட்டனில் இதைச் சோதித்தார்கள். தூங்குகிறவர்களின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, பல பெயர்கள் பதிந்த நாடாவை ஓடவிட்டார்கள். மற்றவர் பெயர்கள் வந்தபோது மூளை அவ்வளவாக அசையவில்லை. தூங்குபவரின் சொந்தப் பெயர் வந்தபோது பதிவுத் தாளில் கே-காம்ப்ளெக்ஸ் எனப்படும் அலை அதிகமாகத் தோன்றியது. ஒரு கூர்மையான பெரிய அலை எழும்பி, உடனே எதிர்த்திசையில் இறங்கி, அரை நொடிக்கு மேல் நீடித்து அடங்கும். வெளியிலிருந்து வந்த ஒலியை மூளை கவனித்தது என்பதற்கு அது அடையாளம். தூங்குகிற மூளை சொற்களைக்கூடப் பிரித்தறிகிறது என்றால், தெருவில் அடிக்கும் ஹாரனையும் அடுத்த வீட்டுக் கதவையும் அது விட்டுவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒரே அறையில் படுத்த இருவரில் ஒருவர் எல்லாச் சத்தத்திலும் தூங்குவதும், மற்றவர் சின்னச் சத்தத்துக்கும் விழிப்பதும் ஏன்? இதற்கும் ஓரளவு விடை இருக்கிறது. தூக்கத்தின்போது மூளையில் 11 முதல் 16 ஹெர்ட்ஸ் வரையிலான குட்டி அலைத் தொடர்கள் அவ்வப்போது எழும். கதிர் போல நடுவில் பெருத்து இரு முனையிலும் ஒடுங்குவதால் அவற்றை ஸ்பிண்டில் என்கிறார்கள். 2010இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாங்-வூ தலைமையிலான குழு 12 பேரை ஆராய்ந்தது. அமைதியான இரவில் யாருக்கு ஸ்பிண்டில்கள் அதிகம் தோன்றினவோ, அவர்கள் அடுத்து வந்த சத்தமான இரவுகளில் கூடுதல் சத்தத்தைத் தாங்கித் தூங்கினார்கள். ஆகவே சத்தத்துக்கு விழித்துக்கொள்கிறவரைப் பார்த்து, "உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்பது நியாயமில்லை. அவர் மூளையின் அமைப்பு அப்படி. அவருக்கு உதவ வேண்டுமென்றால் அறையின் ஒலிச் சூழலைத்தான் மாற்ற வேண்டும்.

எப்படி மாற்றுவது என்பதற்கு 2005இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு நல்ல வழிகாட்டி. மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் சத்தத்தைப் பதிவுசெய்து, உடல்நலம் உள்ள 4 பேரைத் தூக்க ஆய்வகத்தில் அந்தப் பதிவுக்கு நடுவே தூங்க வைத்தார்கள். மணிக்குச் சுமார் 48 முறை அவர்கள் தூக்கம் கலைந்தது. அடுத்து அதே பதிவுடன் வெள்ளை இரைச்சலையும் சேர்த்து ஓடவிட்டார்கள். அறையின் மொத்தச் சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனாலும் தூக்கம் கலைந்தது மணிக்குச் சுமார் 16 முறைதான். சத்தமே இல்லாத இரவில் இருந்த அளவுக்கு அது கிட்டத்தட்டத் திரும்பிவிட்டது. ஆய்வாளர்கள் கண்ட காரணம் தெளிவானது: மிக உயர்ந்த சத்தம் எவ்வளவு என்பதைவிட, பின்னணியிலிருந்து அது எவ்வளவு துருத்திக்கொண்டு நிற்கிறது என்பதே விழிப்பைத் தீர்மானித்தது. இருட்டறையில் தீக்குச்சி கிழித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், நண்பகல் முற்றத்தில் கிழித்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒலிக்கும் அதே விதிதான். நான்கே பேரிடம் நடந்த சோதனை என்பதால் அதன் எண்களை அப்படியே எல்லோருக்கும் பொருத்தக் கூடாது. ஆனால் அது காட்டிய வழிமுறை, செவியியல் நெடுங்காலமாக அறிந்ததோடு ஒத்துப்போகிறது.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஒலியை அளக்கும் டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்குக்கு வராது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது, நம் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கிறது. ஓர் அறை 30 டெசிபல் அமைதியில் இருக்கிறது, தெருவில் அடித்த ஹாரன் உள்ளே வரும்போது 55 டெசிபலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னணிக்கும் ஹாரனுக்கும் இடையே 25 டெசிபல் பாய்ச்சல். அதே அறையில் மின்விசிறி 42 டெசிபல் ஒலி எழுப்பினால் பாய்ச்சல் 13 டெசிபலாகச் சுருங்குகிறது. மின்விசிறி ஒலியும் ஹாரனும் சேர்ந்தபோது உச்சச் சத்தம் 55 என்பதிலிருந்து 55.2 ஆக மட்டுமே உயர்கிறது. உச்சம் அசையவே இல்லை என்று சொல்லலாம், ஆனால் அதிர்ச்சி பாதியாகிவிட்டது. நள்ளிரவில் கரண்ட் போனதும் விழித்துக்கொள்கிறோமே, அதில் புழுக்கத்துக்குப் பங்கு உண்டு என்றாலும், ஓடிக்கொண்டிருந்த ஒலி சட்டென்று நின்றுபோவதும் மூளைக்கு ஒரு மாற்றம்தான்.

மின்விசிறி இங்கே எடுத்துக்காட்டாக வந்தது தற்செயல் இல்லை. தூக்கத்துக்கென்றே விற்கப்பட்ட முதல் இரைச்சல் இயந்திரங்களில் புகழ்பெற்றது, 1962இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பக்வால்டர் உருவாக்கிய ஸ்லீப்-மேட். அதன் உள்ளே இருந்தது சிறிய மோட்டாரும் காற்றைக் கிளறும் விசிறியும்தான். மேலே துளைகள் கொண்ட ஒரு மூடி. மூடியைத் திருப்பித் துளைகளை அகலமாக்கினாலோ ஒடுக்கினாலோ காற்றின் ஒலி மாறும். அதன் வழிவந்த இயந்திரங்கள் இன்றும் விற்கின்றன. நம் வீடுகளில் அந்த வேலையைச் சீலிங் ஃபேன் செலவில்லாமல் செய்துவருகிறது. காற்றைக் கிழிக்கும் அதன் ஒலி சீரானது, இடைவெளியில்லாதது, பொருளற்றது. தூக்கத்துக்கான இரைச்சலுக்கு வேண்டிய மூன்று குணங்களும் இவையே. ஆனால் பேரிங் தேய்ந்து சுற்றுக்குச் சுற்று 'டக் டக்' என்று அடிக்கும் ஃபேனில் இந்தக் குணம் கெட்டுவிடுகிறது. சீரான ஒலியின் மேல் துருத்தும் இன்னொரு ஒலியை அதுவே உண்டாக்குகிறது. செயலி தேடும் முன் ஃபேனைப் பழுது பார்ப்பது நல்லது.

இனி நிறங்களுக்கு வருவோம். மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இந்தப் பரப்பு முழுவதிலும் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் சமமான ஆற்றலைக் கொடுத்தால் அது வெள்ளை இரைச்சல். இதில் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள பகுதியிலேயே பாதி ஆற்றல் போய்ச் சேர்வதால், நிலையம் கிடைக்காத ரேடியோ போல 'உஸ்ஸ்' என்று கேட்கும். பிங்க் இரைச்சலில் அதிர்வெண் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு படிக்கும் ஆற்றல் 3 டெசிபல் குறையும். அதனால் சீறல் தணிந்து, மழை பெய்வது போல இருக்கும். பிரவுன் இரைச்சலில் ஒவ்வொரு படிக்கும் 6 டெசிபல் குறையும். கீழ்ப்பகுதி ஓங்கி, தொலைவில் அருவி விழுவது போன்ற கனத்த முழக்கமாகக் கேட்கும். இவற்றில் ஒன்று மற்றொன்றைவிடத் தூக்கத்துக்கு உயர்ந்தது என்று நிறுவும் உறுதியான சான்று கிடையாது. ஆனால் எதை மறைக்க எது பொருந்தும் என்பதற்கு விதி உண்டு. ஓர் ஒலி தன் அதிர்வெண்ணுக்கு அருகில் உள்ள ஒலிகளைத்தான் நன்றாக மறைக்கும். பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹார்வி ஃப்ளெச்சர் 1940இல் இதை விளக்கினார்.

இந்த விதியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் தேர்வு எளிதாகிறது. அடுத்த அறையில் நடக்கும் பேச்சு, ஜன்னல் வழியே வரும் ஹாரன், பாத்திரம் உருளும் சத்தம் ஆகியவை நடுத்தர, உயர் அதிர்வெண்களில் இருக்கின்றன. இவற்றுக்கு மின்விசிறி ஒலி, பிங்க், மென்மையான வெள்ளை இரைச்சல், சீரான மழை ஒலி ஆகியவை பொருந்தும். லாரி, ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார் போன்றவற்றின் உறுமல் தாழ்ந்த அதிர்வெண்ணில் வருகிறது. சுவரைத் தாண்டி வருவதும் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகளே. அவற்றுக்கு பிரவுன் இரைச்சல் பொருத்தம். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கைபேசியின் குட்டி ஒலிபெருக்கியால் தாழ்ந்த அதிர்வெண்களைச் சரியாக எழுப்ப முடியாது. பிரவுன் என்று தேர்ந்தெடுத்து கைபேசியில் ஓடவிட்டால் அதன் அடிப்பகுதி அறைக்குள் வந்து சேர்வதே இல்லை. அதை ஈடுகட்டச் சத்தத்தைக் கூட்டினால் சீறல்தான் கூடும். கொஞ்சம் பெரிய புளூடூத் ஸ்பீக்கரோ, பெடஸ்டல் ஃபேனோ இந்த வேலையை நன்றாகச் செய்யும். தவில், பறை, டிஜே பாக்ஸ் போன்று நெஞ்சில் அதிரும் சத்தத்தை எந்த இரைச்சலாலும் வீட்டுக்குள் மறைக்க முடியாது. அதை மறைக்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டினால் அந்த ஒலியே தீங்காகிவிடும்.

பிங்க் இரைச்சல் ஆழ்ந்த தூக்கத்தைக் கூட்டும், நினைவாற்றலை வளர்க்கும் என்ற விளம்பரங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். இந்த நம்பிக்கைக்கு அடியில் உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன. 2013இல் ஜெர்மனியில் ஙோ தலைமையிலான குழு, ஆழ்ந்த தூக்கத்தில் மூளையில் எழும் மெதுவான அலையின் ஏற்றத்தோடு சரியாகப் பொருந்துமாறு மிகச் சிறிய ஒலித்துளிகளைச் செலுத்தியது. அந்த அலைகள் வலுப்பெற்றன, மறுநாள் நினைவுத் தேர்விலும் முன்னேற்றம் தெரிந்தது. 2017இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 60 வயது கடந்த 13 பேரிடம் பிங்க் ஒலித்துளிகளைக் கொண்டு இதுபோன்ற சோதனை நடந்து, ஊக்கமளிக்கும் முடிவு கிடைத்தது. ஆனால் இரண்டிலும் மூளை அலையைக் கணத்துக்குக் கணம் கருவி கவனித்துக்கொண்டே இருந்தது. ஒலி ஒரு நொடியின் சிறு பங்கு மட்டுமே வந்து போனது. இரவு முழுக்க ஒரே சீராக ஓடும் கைபேசிப் பதிவுக்கும் இந்தச் சோதனைகளுக்கும் தொடர்பு பெயரளவில்தான். பிங்க் ஒலி உங்கள் காதுக்கு இதமாக இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அது நினைவாற்றலை வளர்க்கும் என்று நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

அப்படியானால் இரவு முழுக்க ஓடும் இரைச்சலுக்கு ஆதரவாக என்னதான் சான்று இருக்கிறது? 2021இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை வந்த 38 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். தொடர் இரைச்சல் தூக்கத்துக்கு உதவுகிறது என்பதற்கான சான்றின் தரம் மிகக் குறைவு என்றும், அது தூக்கத்தையும் செவியையும் பாதிக்கக்கூடும் என்பதைக் கருத்தில் கொண்டு மேலும் ஆராய வேண்டும் என்றும் முடிவு கூறினார்கள். அதே ஆண்டு நியூயார்க் நகரில், வீட்டைச் சுற்றிச் சத்தம் அதிகம் என்று முறையிட்ட 10 பேரிடம் வெள்ளை இரைச்சலைச் சோதித்த ஆய்வில், இரவில் விழித்துக் கிடக்கும் நேரம் குறைந்திருந்தது. இரண்டும் முரண்படுவது போலத் தோன்றலாம், உண்மையில் முரண்படவில்லை. எல்லோருக்கும் பொதுவாக இரைச்சல் நல்லது என்று காட்ட முயன்றால் சான்று நழுவுகிறது. சத்தத்தால் தூக்கம் கெடுகிறவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிப் பார்த்தால் பயன் தென்படுகிறது. அமைதியான கிராமத்து வீட்டிலோ, தெருவுக்குத் தள்ளிக் கட்டிய வீட்டிலோ நிம்மதியாகத் தூங்குகிறவர் புதிதாக ஒரு சத்தத்தைச் சேர்க்க எந்தக் காரணமும் இல்லை.

"சத்தம் தூக்கத்துக்குக் கேடு என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறதே, அதே அறையில் இன்னொரு சத்தத்தைச் சேர்ப்பது எப்படிச் சரியாகும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி படுக்கையறையில் தொடர் ஒலி 30 டெசிபலைத் தாண்டாமலும், திடீர்ச் சத்தம் 45 டெசிபலைத் தாண்டாமலும் இருப்பது நல்லது. இந்த அமைதி கிடைக்குமானால் அதற்கு ஈடான இரைச்சல் எதுவும் இல்லை. அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் சத்தம் வரும் வழியை அடைக்க வேண்டும்: கட்டிலைத் தெருப்பக்கச் சுவரிலிருந்து தள்ளிப் போடுவது, ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டுவது, கனமான திரை போடுவது, கைபேசி அறிவிப்புகளை அணைப்பது. அடுத்தது நுரையாலான காது அடைப்பான். விலை குறைவு, சரியாகப் பொருத்தினால் சத்தத்தை நன்றாகவே குறைக்கும். வெயில் காலத்தில் ஜன்னலை மூட முடியாது, காது அடைப்பான் உறுத்துகிறது, சத்தமோ நிற்கவில்லை என்ற நிலைக்கு வந்தபிறகுதான் பின்னணி இரைச்சலின் முறை. அந்த இரவில் அமைதி என்பது கையில் இருக்கும் தேர்வே இல்லை. சீறிப் பாயும் சத்தமா, சீரான சத்தமா என்ற இரண்டில்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம்.

"எங்களுக்குப் பழகிவிட்டது" என்பது அடுத்து வரும் வாதம். ரயில் பாதையோரத்தில் குடியிருப்பவர்கள் பலரும் இப்படிச் சொல்வார்கள். அதில் பாதி உண்மை உண்டு. சில நாள்களிலேயே முழுதாக விழித்துக்கொள்வது குறைகிறது. ஆனால் சத்தம் கேட்கும்போது தூக்கத்திலேயே இதயத் துடிப்பு ஏறி இறங்குவது பழக்கத்தால் அவ்வளவாக மறைவதில்லை என்பதைத் தூக்க ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. காலையில் எழுந்தவருக்கு எதுவும் நினைவிருக்காது, உடல் மட்டும் இரவெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கும். பழகிவிட்டது என்ற நம்பிக்கையில் சத்தத்தைக் குறைக்கும் வேலையைக் கைவிட்டுவிடக் கூடாது.

அளவு எவ்வளவு? மறைக்க வேண்டியதை மங்கச் செய்யும் அளவுக்கு மட்டும். படுத்த இடத்தில் சாதாரணக் குரலில் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் சத்தம் கூடிவிட்டது என்று பொருள். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தொலைவில் 60 டெசிபல் அளவில் இருக்கும், இரவு முழுக்க ஓடும் ஒலி அதற்கு நன்றாகக் கீழே நிற்க வேண்டும். தெருச் சத்தத்தை முழுவதும் காணாமல் போக்க முயல வேண்டாம். குழந்தையின் அழுகையும், முதியவர் கூப்பிடும் குரலும், அபாய மணியும் உள்ளே வந்துதான் ஆக வேண்டும். ஸ்பீக்கரைத் தலைமாட்டில் வைக்காமல், சத்தம் வரும் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் இடையே வைப்பது நல்லது. இயர்போனை மாட்டிக்கொண்டு இரவெல்லாம் தூங்குவது காதுக்கு நல்லதல்ல. பதிவு ஒலிக்கிறது என்றால் அது நடுவில் விளம்பரம் நுழையாததாக, முன்பே இறக்கி வைத்ததாக இருக்கட்டும். இடி, பறவை, தவளை கலந்த மழைப் பதிவுகளைத் தவிர்க்கலாம். அவற்றில் ஒலி ஏறி இறங்குகிறது, நாம் தவிர்க்க நினைத்ததும் அதைத்தான்.

எவ்வளவு நேரம் என்பதில் பலர் தவறிவிடுகிறார்கள். அரைமணி டைமர் வைத்து, தூங்கியதும் நின்றுவிடச் செய்கிறார்கள். ஆனால் ஆழ்ந்த தூக்கம் இரவின் முற்பகுதியில்தான் அதிகம். விடியலை நெருங்க நெருங்கத் தூக்கம் மேலோட்டமாகிறது. பால் வண்டி, தண்ணீர் லாரி, மோட்டார் போடும் சத்தம், வழிபாட்டுத் தல ஒலிபெருக்கி எல்லாம் வருவதும் அந்த நேரத்தில்தான். மறைப்பு மிகவும் தேவைப்படும் நேரத்தில் டைமர் அதை விலக்கிவிடுகிறது. படுத்ததும் தூங்குவதுதான் சிரமம் என்பவருக்கு டைமர் போதும். அதிகாலையில் சத்தத்தால் விழிப்பவருக்கு, எழும் நேரம் வரை ஓடும் குறைந்த ஒலியே உதவும்.

கைக்குழந்தைகளுக்கு இந்த விதி பொருந்தாது. 1990இல் லண்டனில் பிறந்து சில நாள்களே ஆன 40 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், வெள்ளை இரைச்சல் கேட்ட 20 குழந்தைகளில் 80 சதவீதம் 5 நிமிடங்களுக்குள் தூங்கின. கேட்காத 20இல் 25 சதவீதமே தூங்கின. இந்த முடிவு பெற்றோரிடம் பரவி, குழந்தைகளுக்கென்று இரைச்சல் இயந்திரங்கள் சந்தைக்கு வந்தன. 2014இல் டொரொன்டோ ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட 14 இயந்திரங்களை அளந்தார்கள். முழு ஒலியில், 30 சென்டிமீட்டர் தொலைவில், அத்தனையும் மருத்துவமனைக் குழந்தைப் பிரிவுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட 50 டெசிபல் எல்லையைத் தாண்டின. மூன்று இயந்திரங்கள் 85 டெசிபலைத் தாண்டின. தொழிற்சாலையில் 8 மணி நேரம் வேலை செய்யும் பெரியவர்களுக்கே செவிப் பாதுகாப்பு தேவை என்று கருதப்படும் அளவு அது. ஆகவே குழந்தைக்கு இரைச்சல் வைத்தே ஆக வேண்டும் என்றால், கருவி தொட்டிலிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி இருக்கட்டும், ஒலி மிகக் குறைவாக இருக்கட்டும், குழந்தை தூங்கியதும் நிறுத்திவிடுங்கள். வளரும் காதுக்கும் மொழி கற்கும் மூளைக்கும் மனிதக் குரலே முதல் தேவை. அந்த வகையில் தாலாட்டுக்கு எந்த இயந்திரமும் மாற்றாகாது.

தாலாட்டு பெரியவர்களுக்கும் உதவுமா என்றால், பாட்டு உதவும் என்பதற்கு இரைச்சலைவிடச் சற்று நல்ல சான்றே இருக்கிறது. 2022இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, தூக்கமின்மை உள்ள 1,007 பேரிடம் நடந்த 13 சோதனைகளைப் பார்த்து, இசை கேட்டவர்கள் தங்கள் தூக்கத்தின் தரம் மேம்பட்டதாக உணர்ந்தார்கள் என்று சொன்னது. ஆனால் பாட்டு செய்யும் வேலை வேறு. அது மனதை அமைதிப்படுத்தித் தூக்கத்தின் வாசல் வரை அழைத்துப்போகிறது. இரவு முழுக்க மற்றச் சத்தங்களை மறைக்கும் வேலைக்கு அது உதவாது, ஏனென்றால் பாட்டு ஏறும், இறங்கும், நிற்கும், மறுபடி தொடங்கும். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் 2021இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கும் முன் கேட்ட பிரபலமான பாடல் மெட்டுகள் நள்ளிரவிலும் சிலரின் மனதுக்குள் ஓடி, தூக்கத்தைக் கெடுத்தன. சொற்கள் நீக்கிய கருவியிசை வடிவத்தில் அது இன்னும் அதிகமாக நடந்தது. மனப்பாடமான சினிமாப் பாட்டை ஒலிக்கவிட்டுத் தூங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். செய்தி, விவாதம், சொற்பொழிவு ஆகியவற்றை ஓடவிட்டுத் தூங்குவது அதைவிடப் பொருந்தாது. தூங்கும் மூளை சொந்தப் பெயரையே இனம்காண்கிறது என்றால், பொருளுள்ள பேச்சு அதற்கு இடைவிடாத வேலைதான்.

இரைச்சல் இல்லாமல் தூங்கவே முடியாது என்ற நிலை வந்துவிடாதா என்ற கவலையும் உண்டு. இது மாத்திரைக்கு உடல் அடிமையாவது போன்றதல்ல, தலையணை மாறினால் தூக்கம் வராதது போன்ற பழக்கம். வெளியூர் போகும் இரவுகள் சிரமமாகலாம். அதனால் ஊர் அடங்கியிருக்கும் இரவுகளில் ஒலியைக் குறைத்தோ, நிறுத்தியோ தூங்கிப் பார்ப்பது நல்லது. காதில் ஓயாமல் ரீங்காரம் கேட்கும் டின்னிடஸ் உள்ளவர்கள் நிலை வேறு. அவர்களுக்கு அமைதியில் ரீங்காரம் பெரிதாகத் தெரிவதால் மெல்லிய பின்னணி ஒலி உண்மையாகவே ஆறுதல் தரும். இரைச்சலால் தீராத குறைகளும் இருக்கின்றன. மூச்சு நின்று நின்று வரும் குறட்டைக்கு மருத்துவரிடம் போக வேண்டும். அந்தக் குறட்டையை மறைக்கப் பக்கத்தில் இருப்பவர் சத்தத்தைக் கூட்டினால் நோய் கவனிக்கப்படாமல் போகும். மாதக்கணக்கில் நீளும் தூக்கமின்மைக்கு, தூக்கப் பழக்கத்தையும் அதைப் பற்றிய அச்சத்தையும் மாற்றும் நடத்தைச் சிகிச்சையையே முதலில் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. மனக்கவலையால் விழித்துக் கிடப்பவருக்கு எந்த நிறத்து இரைச்சலும் தீர்வாகாது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒருவர் தன் அறைக்குள் செய்துகொள்ளும் தற்காப்பு. தற்காப்பு தேவைப்படும் நிலையை உண்டாக்குவது நாம் எல்லோரும்தான். இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது. அந்த நேரத்தில் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கத் தடை உண்டு. ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை மட்டும் மாநில அரசு விழாக்களுக்குத் தளர்வு தரலாம். 2005இல் உச்ச நீதிமன்றமும் சத்தமில்லாமல் வாழ்வது வாழ்வுரிமையின் பகுதி என்று ஏற்று, இந்த விதிகளைச் செயல்படுத்த ஆணையிட்டது. சட்டம் தெளிவாக இருக்கிறது, கடைப்பிடிப்பதில்தான் குறை. நோயாளி, கைக்குழந்தை, முதியவர், தேர்வுக்குப் படிக்கும் மாணவர், இரவு வேலை முடித்து வந்த தொழிலாளி என ஒவ்வொரு தெருவிலும் தூக்கம் தேவைப்படும் ஒருவர் இருக்கிறார். உங்கள் அறைக்குத் தேவைப்பட்டால் ஃபேனையோ மெல்லிய மழை ஒலியையோ தயங்காமல் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, இரவு 10 மணிக்கு மேல் ஹாரனில் கை வைக்கும் முன்னும், விழாவுக்கு மைக் செட் பேசும் முன்னும், அந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள்.